கிளினிக்குக்கு முதல்நாள் முனிவர்

வாகா மருமகன், இரி. நாளைக்கு சீனி வருத்தக் கிளினிக் எண்டு உன்ட முகத்திலயே எழுதிக் கிடக்கு. மூண்டு மாசமா கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி ஒண்டையும் விடாம சுத்தின நீ, முந்தாநாள்ல இருந்து பாவக்காயும் பச்சத்தண்ணியுமா இரிக்காயாம். உன்ட பொஞ்சாதி வேலிக்கு அங்கால நிண்டு மாமிக்குச் சொன்னவ.

விடிய வெறும் வயித்தோட விரல்ல குத்திப் பாத்தா 118 காட்டும். நீயும் மீசைய முறுக்குவாய். ஆனா இப்ப எச்பிஏ1சி எண்டு ஒண்டு பாக்கிறாங்க, கேள்விப்பட்டாயா? ரத்தத்தில இரிக்கிற சிவப்பணு நாலு மாசம் கிட்டத் திரியுமாம். ரத்தத்தில கூடுற சீனி அதில ஒட்டி ஒட்டி ஏறும். கடை முதலாளிட கடன் கொப்பி போல, நீ மறந்தாலும் அது மறக்காது. கனபேருக்கு ஏழுக்குக் கீழ நிண்டாக் காணும். உனக்குப் போன தடவ பத்தரை. 118ம் பத்தரையும் ஒரே ஆள்ட எண்டா டொக்டருக்கு விளங்காதா, ஆர் கள்ளனெண்டு?

சீனிய விட்டிட்டன் எண்டு ஊரெல்லாம் பறையிறாய். மெய்தான், தேத்தண்ணிக்குள்ள போடுறல்ல. பனங்கட்டியக் கடிச்சுக் கடிச்சுக் குடிக்காய். ஆலையில இருந்து வந்ததா, பனையில இருந்து வந்ததா எண்டு ரத்தம் விசாரிக்கிறல்ல மனே. 2021 இல அவசரகாலச் சட்டம் போட்டு, நாடெல்லாம் களஞ்சியம் களஞ்சியமா சீனி தேடினாங்களே, ஞாபகமா? உன்ட நரம்பத் துறந்து பாத்திருந்தா தட்டுப்பாடே வந்திராது.

சிறுகுறிஞ்சா சுண்டல் தின்னு, நான் வேணாமெண்டு சொல்லல்ல. அந்த இலைய மெண்டு போட்டு சீனிய நாக்கில வெச்சா மணலாத்தான் நெருநெருக்கும், இனிப்புத் தெரியாது. ஏமாறுறது நாக்கு மட்டுந்தான். மெட்போமின் குளிசையக் கூரையில சொருகிப் போட்டு இலைய நம்பி இரிக்காத. குத்தரிசி நல்லதெண்டு சொன்னதுக்கு மூண்டு கோப்பை அடிக்கச் சொன்னது ஆரு? கோப்பையில பாதி மரக்கறியும் இலைக்கறியும், கால்வாசி வாவி மீன், மிச்சத்துக்குத்தான் சோறு. உன்ட வீட்டில மீனத் தேட சோத்தைக் கிண்ட வேண்டிக் கிடக்கு.

அதுக்காக மற்றப் பக்கமும் சாயாத. கிளிக்லசைட் குளிசையப் போட்டிட்டு, தின்னாம குடியாம தோணியத் தள்ளிக்கொண்டு இறாலுக்குப் போறாயாம். நடு வாவியில சீனி இறங்கி, கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினா ஆர் வந்து தூக்கிற? பாடும் மீனா? அந்த நேரத்துக்குத்தான் சீனி மருந்து. மூண்டு தேக்கரண்டி கரைச்சுக் குடி, கால்மணித்தியாலம் பார், தெளியாட்டி இன்னொருக்காக் குடி. பிறகு சாப்பிடு. இடுப்பில ஒரு சீனிச் சரை கட்டிக்கொண்டு போ. உனக்குச் சீனி தின்ன அனுமதி குடுக்கிறன், சந்தோசமா?

இப்ப காலை நீட்டு. வெக்கப்படாத, நீட்டு.

கிளினிக்கில தங்கூசித் துண்டொண்டால உள்ளங்கால்ல தொட்டு, “தெரியுதா” எண்டு கேக்கிறாங்க. பத்துக் கிராம் அழுத்தத்தில வளையிற நூல் அது. நீ ஒரு கண்ணத் துறந்து பாத்துப் போட்டு “தெரியுது, தெரியுது” எண்டிறாய். பரீட்சையில பக்கத்துப் பொடியனப் பாத்தெழுதின பழக்கம் இன்னும் போகல்ல. அந்தப் பரீட்சையில பொய் சொல்லிப் பாஸ் பண்ணினா, பிறகு வாவிக்கரையில ஊரிச் சிப்பி கிழிச்சாலும் உனக்குத் தெரியாது. வட்டைச் சேத்தில அழுகின பிறகுதான் மணத்தில தெரியும். நோகல்ல எண்டு நீ பெருமைப்படுறாய். நான் அதுக்குத்தான் பயப்படுறன்.

ராவைக்குக் கழுவி, விரலிடுக்கத் துடை. உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடிச்சுப் பார், ஏலாட்டி பொஞ்சாதியப் பாக்கச் சொல்லு. பிளேட்டால ஆணி வெட்டுறத விடு. செருப்ப மாட்டமுன்னம் ஒருக்காத் தட்டு. இந்த ஆடிக்கு உகந்தையில இருந்து குமண, யால காட்டுக்குள்ளால கதிர்காமம் நடக்கப் போறாயாம், வெறுங்காலோட. முருகன் மயில்ல போறவர், உன்ட செருப்ப எட்டிப் பாக்கிறல்ல. நடக்கத்தான் வேணுமெண்டா மண்முனைப் பாலத்தில நட. பாதைப் படகுக்குக் காத்து நிண்ட காலத்தில துறைமட்டும் நடந்தாய். 2014 இல பாலம் வந்தாப்புறகு தேத்தண்ணிக் கடைக்கும் மோட்டர் சைக்கிள். 2022 இல பெற்றோல் இல்லாம சைக்கிள் மிதிச்ச மூண்டு மாசந்தான் உன்ட சீனி மட்டா நிண்டது.

வருசத்துக்கொருக்கா கண்ணுக்குள்ளயும் பாக்கச் சொல்லு, சலத்தில புரதம் போகுதா எண்டும் பாக்கச் சொல்லு. பிரசர விட்டிடாத. தாதிமார் படிக்கிற பேத்தி சொன்னாள், இங்கிலாந்தில ஐயாயிரத்துச் சொச்சம் சீனிக்காரர வெச்சு இருவது வருசமா ஆராய்ச்சி நடத்தி 1998 இல முடிவு சொன்னாங்களாம். ஒரு கூட்டத்துக்கு எச்பிஏ1சி 7.9, இறுக்கிப் பிடிச்ச கூட்டத்துக்கு 7. அந்தப் புள்ளி ஒம்பதுக்கே கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வாற கேடு கால்வாசி குறைஞ்சுதாம். அவங்க ஒருத்தரும் முனிவரில்ல.

இன்சுலின் ஊசி போடச் சொன்னா ஊரக் கூட்டாத. ஊசி ஆளக் காப்பாத்தத்தான், ஊசிக்குப் பயந்து ஒளிச்சவந்தான் போனான். குளிர்பெட்டி இல்லையா, ஈர மணலுக்குள்ள மண்குடத்த வெச்சு அதுக்குள்ள போத்தல வை. ஐசுக்குள்ள மட்டும் வெச்சிடாத.

ஏன் சிரிக்காய்? என்ட கொப்பிய விரிச்சுப் பார், 6.8.

அதார்ர தயிர்ச்சட்டி? எருமைத் தயிரா? அளவாத் தின்னு, ஆரும் தடுக்கல்ல. கித்துள் பாணிப் போத்தல மட்டும் இஞ்சால தள்ளு. எனக்கில்லகா, உன்ட மாமிக்கு.