ஏப்ரல் அப்பா

மார்ச் கடைசிக்குள் அமெரிக்கக் கல்லூரிகள் யார் யாருக்கு இடம் என்று சொல்லி முடித்துவிடும். மே 1-க்குள் ஏதாவது ஒன்றில் டெபாசிட் கட்ட வேண்டும். நடுவில் இருக்கிற அந்த ஒரு மாதம்தான் ஏப்ரல் அப்பாவின் சீசன். மற்ற மாதங்களில் எடிசனிலோ ஃப்ரீமான்டிலோ சாதுவாக ஆபீஸ் போய்வந்து, சனிக்கிழமை புல் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காருக்குள் தூங்குகிற மனிதர், வீட்டில் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் ஏப்ரல் பிறந்ததும் ஆளே மாறிவிடுவார்.

அவருடைய சித்தாந்தம் மிக எளிது. காரணம் இல்லாமல் எந்தக் கல்லூரியும் யாரையும் கூப்பிடாது. கூப்பிட்டால் ஸ்காலர்ஷிப் கொடுக்கத்தான்.

'இடம் கிடைத்த மாணவர்களுக்கான சிறப்பு நாள். குடும்பத்தோடு வருக' என்று தபால் வந்ததும் முதலில் காகிதத்தை விரலிடுக்கில் வைத்து நெருடிப் பார்ப்பார். பிறகு ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடிப்பார். கடைசியாகச் சுண்டுவிரலை நாக்கில் தொட்டு, அட்மிஷன் டீனின் நீலக் கையெழுத்தின் மேல் லேசாகத் தேய்ப்பார். மை கலைந்தால் டீனே உட்கார்ந்து போட்ட கையெழுத்து. டீனே போட்டிருந்தால் பணம் வரும்.

"அப்பா, அது எல்லாருக்கும் போறதுப்பா. மெயில் மெர்ஜ்."

"உன் பேர் போட்டு வந்திருக்கேம்மா."

"மெயில் மெர்ஜ்னாலே அதுதாம்பா."

இத்தனைக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக இதே மாதிரி பேர் போட்ட கடிதங்களை லட்சக்கணக்கில் அனுப்பும் மென்பொருளைக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். ஆபீஸில் தெரிந்தது வீட்டில் மறந்துவிடுகிறது.

ஒரு தடவை மை நிஜமாகவே கலைந்துவிட்டது. சின்னக் கல்லூரிகளில் அட்மிஷன் அலுவலர்கள் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்புவது உண்டு. 'உன் கட்டுரையில் வந்த பாட்டியை எங்களால் மறக்க முடியவில்லை' என்று ஓஹாயோவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நம்மவர் உடனே திருச்சியில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு, "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்டா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்லூரி பணம் கொடுத்திருந்தது உண்மை. ஆனால் அது மூன்று வாரத்துக்கு முன்பே, இடம் கிடைத்த செய்தியோடு போர்ட்டலில் வந்த கடிதத்தில், வருஷத்துக்கு இத்தனை டாலர் என்று எண்ணாலும் எழுத்தாலும் இருந்தது. மை இல்லாத பிடிஎஃப் என்பதால் அவர் இரண்டாம் பக்கத்துக்கே போகவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் ஊரில் கல்லூரி சேர்ந்தபோது எல்லாமே எண்ணாக இருந்தது. கட்-ஆஃப் தசமத்தில் வரும். பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு பின்னால் என்பது தெருவுக்கே தெரியும். இங்கே பார்த்தால் பிள்ளையின் குணம், கட்டுரை, வயலின், நாய்களுக்குச் செய்த தொண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்கிறார்கள். ரேங்க் லிஸ்ட் எங்கே என்றால் சிரிக்கிறார்கள். பட்டியல் இல்லாத ஊரில் மனிதன் சகுனம் பார்க்காமல் என்ன செய்வான்?

ஆனால் சகுனம் பொய்க்கும் என்று அடித்துச் சொல்லக்கூடிய இடத்திலும் பார்ப்பார் என்பதுதான் விசேஷம். ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் உதவி கொடுக்கும். மார்க்குக்கும் கிடையாது, கால்பந்துக்கும் கிடையாது. எம்ஐடியும் அப்படியே. யேலின் 'புல்டாக் டேஸ்', ஹார்வர்டின் 'விசிட்டாஸ்', எம்ஐடியின் 'கேம்பஸ் ப்ரிவ்யூ வீக்எண்ட்' எதற்குப் போனாலும் சாப்பாடு கிடைக்கும், நண்பர்கள் கிடைப்பார்கள், திறமைக்கான ஸ்காலர்ஷிப் கிடைக்காது. இதை அவர்கள் தங்கள் தளத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் அப்பா படித்துவிட்டுத்தான் சொல்கிறார்: "வெளில அப்படித்தான் சார் சொல்வான். உள்ளுக்குள்ள ஒரு கோட்டா இருக்கும்."

அவரை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் அந்த நாள் அன்றே பார்க்க வேண்டும். முதல் ஆளாக வந்து, பேர் எழுதிய அட்டையையும் கல்லூரிச் சின்னம் போட்ட துணிப்பையையும் வாங்கிக்கொள்வார். பைக்குள் ஒரு பேனா, ஒரு முக்கோணக் கொடி, மூன்று ஸ்டிக்கர். அடுத்தவர் பையில் நான்கு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். கழுத்தில் தொங்கும் நாடா தன் பெண்ணுக்கு மஞ்சள், எதிரே நிற்கும் பையனுக்கு நீலம் என்றதும் முகம் மாறிவிடும். பையனின் அப்பாவிடம் நைசாகப் பேச்சுக் கொடுப்பார். இருவரும் வானிலையில் தொடங்கி, தலைக்கு மேல் விலை ஏறிய வீடுகள் வழியாக, நாடாவுக்கு வந்து சேர்வார்கள். கடைசியில் நீலம் என்றால் இன்ஜினியரிங், மஞ்சள் என்றால் பயாலஜி என்று தெரியவரும். நிம்மதி பிறக்காது. "இன்ஜினியரிங்குக்குத்தான் குடுப்பான் போல" என்று மனைவி காதில் சொல்வார்.

அதற்குப் பிறகு பிள்ளைகளை ஒரு பக்கமும் பெற்றோரை ஒரு பக்கமும் பிரித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், பெற்றோருக்கு நிதி உதவி அலுவலரின் உரை. முன்வரிசையில் நடு நாற்காலி நம்மவருடையது. மடியில் லேப்டாப், லேப்டாப்பில் பதினான்கு பத்தி எக்செல். பெரிய அரங்கம், பின்சுவர் வரைக்கும் தலை. மனைவி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்பார்: "ஏங்க, இத்தனை பேருக்குமா குடுப்பாங்க?"

அரைநாள் விழாவின் மொத்த உண்மையும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அவர், "நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்குவார்.

"ஒரு பொதுவான கேள்வி. ஒரு மாணவி, நல்ல ஜிபிஏ, பரதநாட்டியம், ரோபாட்டிக்ஸில் மாநில அளவு... அப்படி ஒருத்திக்கு இனிமேல் ஏதாவது வர வாய்ப்பு உண்டா?"

அலுவலர் அழகாகச் சிரித்து, எங்கள் கல்லூரியில் திறமைக்கான உதவி அட்மிஷன் கடிதத்தோடேயே போய்விடும் என்பார். அவர் சிரித்ததை மட்டும் இவர் எக்செல்லில் ஏற்றிக்கொள்வார்.

அந்த அரங்கத்தில் நிஜமாகவே கவலைப்படுகிறவர் யார் என்றால், மேடையில் நிற்பவர்தான். கல்லூரிக்காரர்கள் 'யீல்டு' என்று சொல்வார்கள்: இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்ற விகிதம். ஒரே பெண் பத்துப் பதினைந்து இடத்துக்கு விண்ணப்பிக்கிற காலம் இது. இடம் கொடுத்தாயிற்று, அவள் வருவாளா என்பது மே 1 வரை தெரியாது. விடுதி நிரம்ப வேண்டும், பட்ஜெட் நிற்க வேண்டும். அதற்காகத்தான் துணிப்பை, ஐஸ்கிரீம், புல்வெளியில் பாட்டுக் குழு. இடம் கிடைத்த அத்தனை பேரையும் கூப்பிடுகிறார்கள். பெண் பார்க்க வந்திருப்பது உண்மையில் நம்மவர்தான். அவரோ தலையை வாரிக்கொண்டு, தட்டில் பஜ்ஜி எடுத்துக்கொண்டு, தான்தான் பெண் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

மே 1 தாண்டினால் ஓய்வார் என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஓரிடத்தில் சேர முடிவு செய்த பிள்ளையை அந்தத் தேதிக்குப் பிறகு இன்னொரு கல்லூரி இழுக்கக் கூடாது என்று அட்மிஷன் அலுவலர்கள் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. அது போட்டியைத் தடுக்கிறது என்று அமெரிக்க நீதித்துறை கண்ணை உருட்டியதும், 2019-ல் விலக்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஏப்ரல் அப்பாவின் ஏப்ரல் மே பாதிவரை ஓடுகிறது.

பணத்தோடு சம்பந்தப்பட்ட அழைப்பே உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன், டியூக்கும் வட கரோலினாவும் சேர்ந்து நடத்தும் ராபர்ட்சன், வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் போன்றவை இறுதிச் சுற்றுக்கு ஆளைக் கூப்பிட்டு நேர்காணல் வைத்துத்தான் கொடுக்கின்றன. ஆனால் அந்த அழைப்பில் ஸ்காலர்ஷிப்பின் பெயர் இருக்கும், 'இறுதிச் சுற்று' என்று இருக்கும், நேர்காணல் தேதி இருக்கும். விரலை நனைக்கும் வேலையே கிடையாது. அப்படிப் போனவர்களிலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. டிக்கெட் போட்டுக் கூப்பிடுகிற கல்லூரிகளும் உண்டு. அது பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் வளாகத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக. அதைக் கேள்விப்பட்டு நம்மவர் பொறாமைப்படுவதை மட்டும் என்னால் ரசிக்க முடிவதில்லை.

எந்தக் கல்லூரி, நிதி உதவி தேவைப்படாத குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுக்கிறது என்பது 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தின் எச் பிரிவில் இருக்கும். பெரும்பாலான கல்லூரிகள் வருஷா வருஷம் வெளியிடுகின்றன, காசில்லாமல் பார்க்கலாம். அதை அவருக்கு அனுப்பிவைத்தேன். "பாத்தேன் சார், அதுல ஒண்ணும் இல்ல" என்றார். அலபாமா பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த ஜிபிஏவுக்கும் இந்த எஸ்ஏடி மார்க்குக்கும் இவ்வளவு என்று பட்டியல் போட்டே தளத்தில் வைத்திருக்கிறது. ஊரில் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவருக்கு இது அமிர்தமாக இருக்க வேண்டும். இல்லை. "அங்க எல்லாருக்கும் குடுக்குறான் சார்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். பட்டியலுக்கு ஏங்கிய மனிதர் இங்கே இருபது வருஷத்தில் இப்படி ஆகியிருக்கிறார். ரகசியமாகக் கொடுத்தால்தான் அவருக்குப் பணம். எல்லோருக்கும் தெரிந்து கொடுத்தால் அது தள்ளுபடி.

இதற்குள் ஒரு நிஜமான வலியும் உண்டு. 2 லட்சம் டாலர் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்று எம்ஐடியும் ஹார்வர்டும் 2025 கல்வியாண்டிலிருந்து கொண்டுவந்துவிட்டன. நம்மவர் வீட்டில் கணவன் மனைவி இருவரும் ஐடி. கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் நிற்கிறார்கள். மனைவிக்குப் பதவி உயர்வு வந்த அன்று ஊரெல்லாம் மைசூர்பாகு கொடுத்தவர், இப்போது அந்தப் பதவி உயர்வு மெயிலைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். பெரிய தனியார் கல்லூரிகளில் வருஷச் செலவு 90,000 டாலரைத் தொட்டுவிட்டது. உதவி வாங்க அவர் ஏழையில்லை, கட்டுவதற்குப் பணக்காரருமில்லை. துணிப்பைகள் மட்டும் ஏழு சேர்ந்துவிட்டன; காய்கறி வாங்க ஆகின்றன.

பெண் கடைசியில் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து இருபது நிமிஷம், மாநிலத்துக்குள் இருப்பவர்களுக்கான கட்டணம். அவளுக்கு முதலிலிருந்தே அதுதான் பிடித்திருந்ததாம், யாரும் கேட்கவில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கிற சின்னவனுக்கு ஒரு தடித்த உறை வந்திருந்தது. உள்ளே தங்க நிற முத்திரை, வாஷிங்டனில் இளம் தலைவர்கள் மாநாடு.

"இங்க பாரு, இவனை நாமினேட் பண்ணியிருக்காங்க. நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த பிள்ளைங்களாம்."

சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எவ்வளவு கட்டணுமாம்?"