பந்திக்கு முந்து, களிமண்ணுக்குப் பிந்து

புராணத்து வீரர்களுக்கெல்லாம் அடி விழுவது போர்க்களத்தில். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரருக்கு முழங்கால் போனது குளியலறையில்.

2016 ஜனவரி. ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் ஜோகோவிச்சிடம் தோற்ற மறுநாள். இரட்டைப் பெண் பிள்ளைகளைக் குளிப்பாட்டத் தண்ணீர் திறக்கப் போனவர் திரும்பினார். முழங்காலில் 'களுக்' என்றது. பதினேழு, பதினெட்டு வருஷம் உலகத்திலுள்ள அத்தனை தரையிலும் குதித்தபோது வாய் திறக்காத சவ்வு, குழாயடியில் கிழிந்தது. வாழ்க்கையின் முதல் ஆபரேஷன். அப்புறம் முதுகு முரண்டு பிடித்ததில் அந்த வருஷ பாரிஸ், அதாவது பிரெஞ்ச் ஓப்பன், போச்சு. தொடர்ந்து 65 கிராண்ட்ஸ்லாம் ஆடிய கணக்கும் அதோடு முடிந்தது. விம்பிள்டன் அரையிறுதியில் ஒரு குப்புற விழல் வேறு. 'மீதி வருஷம் லீவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியவர் ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 35 நிறையப் போகிற நேரம். டென்னிஸில் அது ஈசிசேர் வயது. ரசிகர்கள் வழியனுப்பு விழாவுக்கு மாலை கட்டவே தொடங்கிவிட்டோம்.

ஆறு மாதம் கழித்து மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு 17ஆம் தரவரிசைக்காரராக வந்தவர், இறுதியாட்டத்தில் நடாலிடம் ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கி, பிறகு ஐந்து கேமை வரிசையாக அள்ளிக்கொண்டு கோப்பையோடு போனார். அடுத்து இண்டியன் வெல்ஸ். அடுத்து மயாமி. இரண்டிலும் நடாலுக்கு உதை. வேறு யாராக இருந்தாலும் இந்த வேகத்தில் பாரிஸுக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள்.

நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா உண்டு. பத்திரிகை வந்ததும் அவர் முகூர்த்த நேரத்தைப் பார்க்க மாட்டார். மண்டபம் எது, சாப்பாட்டுக் கூடம் மாடியிலா கீழேயா, லிஃப்ட் உண்டா, சமையல் யார் என்றுதான் விசாரிப்பார். மாடியென்றால் மொய்க் கவர் மட்டும் போகும். ஃபெடரர் அந்தச் சித்தப்பா ஆனார். பாரிஸ் மண்டபம் அவருக்கு மாடி; அங்கே தரை களிமண். களிமண் என்பது பேருக்குத்தான். மேலே தூவியிருப்பது செங்கல் பொடி. அதில் பந்து நின்று நிதானித்து எழும்பும், ஒரு புள்ளிக்கு இருபது தடவை ஓட வேண்டும். போதாக்குறைக்கு எதிரே நடால், அந்தச் சூளையிலேயே பிறந்து வளர்ந்தவர்போல. ஆகவே 2017இல் களிமண் சீசன் மொத்தத்துக்கும் கும்பிடு.

டென்னிஸ் சங்கத்துக்காரர்கள் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாதா? முடியாது. 12 வருஷ சர்வீஸ், 600 ஆட்டம், முப்பது தாண்டிய வயது மூன்றும் சேர்ந்தால் கட்டாயப் போட்டிகளிலிருந்து முழு விலக்கு என்று விதியே இருந்தது. அரசாங்க உத்தியோகத்தில்கூட இப்படியொரு சலுகை கேள்விப்பட்டதில்லை.

பாரிஸில் நடால் வேர்த்து விறுவிறுத்துப் பத்தாவது கோப்பையை வாங்கினார். ஒரு மாதம் கழித்துப் புல்தரையில் சித்தப்பா, ஒரு செட்கூட விடாமல் எட்டாவது விம்பிள்டனை வாங்கினார். இறுதியாட்டத்தில் எதிரே நின்ற சிலிச், காலில் கொப்புளத்தோடு, நடுவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஃபெடரருக்குத் தலைகூடக் கலையவில்லை.

2018 பிப்ரவரியில் ராட்டர்டாமுக்கு அவரே வலியப் போனார். ஏன்? அரையிறுதியைத் தொட்டாலே மறுபடி நம்பர் ஒன். காலிறுதியில் உள்ளூர்க்காரர் ஹாஸேயைத் தட்டினார், வேலை முடிந்தது. 36 வயதில் முதலிடம். அதுவரை அந்தச் சாதனை 33 வயது அகஸ்ஸியிடம் இருந்தது. போனதுதான் போனோம் என்று கோப்பையையும் எடுத்துக்கொண்டார்.

உச்சக்கட்டக் கூத்து அந்த மே மாதம். களிமண்ணுக்கு மறுபடியும் லீவு. ஏப்ரலில் நடால் முதலிடத்தைப் பிடித்திருந்தார். ஆனால் தரவரிசை என்பது 52 வாரக் கணக்கு. போன வருஷம் இதே வாரம் வாங்கிய புள்ளியை இந்த வருஷம் திரும்ப வாங்காவிட்டால் கழிந்துபோகும். போன வருஷம் ஒன்றுமே வாங்காதவருக்குக் கழிய என்ன இருக்கிறது? மாட்ரிட்டில் நடால் தீம் என்பவரிடம் சறுக்கினார். மே 14ஆம் தேதி, ராக்கெட்டைத் தொடாமல், வீட்டில் இருந்தபடியே ஃபெடரர் உலகின் நம்பர் ஒன். அடுத்த வாரமே நடால் ரோமில் ஜெயித்துப் பிடுங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம். ஒரு வாரம் என்றாலும் பதவி பதவிதானே.

2019இல், 37 வயதில், என்ன தோன்றியதோ, மாடி ஏறிப் பார்ப்போம் என்று பாரிஸ் போனார். அரையிறுதி வரை நன்றாகத்தான் ஏறினார். அங்கே நடால். அன்றைக்கென்று பேய்க்காற்று; செங்கல் பொடி சுழன்று சுழன்று அடித்தது. 3-6, 4-6, 2-6.

அதே மாதம் ஜெர்மனியின் ஹாலேவுக்குப் போய்ப் புல்தரையில் பத்தாவது பட்டம் வாங்கினார். அந்த ஊரில் அவர் பேரில் ஒரு தெருவே இருக்கிறது.