பத்து வெள்ளிச் சொர்க்கம்

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) என் வீடு வரிசையின் நடு வீடு. இடப்பக்க வீட்டுக்காரர் தும்மினால் வலப்பக்க வீட்டிலிருந்து 'நூறாயுசு' என்று குரல் வரும். மலேசியாவின் பத்து பாகாட்டில் இப்படி ஒரு வீட்டில் இருந்துகொண்டுதான் நான் மண்சுவர், மழைநீர்த் தொட்டி, பொதுச் சமையலறை, பத்துக் குடும்பம் கூடி வாழும் ஒரு சிற்றூர் என்று கனவு காண்கிறேன்.

இந்தக் கிறுக்குப் பிடித்தது ஆரோவில்லில். புதுச்சேரிக்குப் போன இடத்தில் அரை நாள் சுற்றிப் பார்த்தேன். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர். பொட்டலாகக் கிடந்த செம்மண்ணைக் காடாக்கியிருக்கிறார்கள். சமையலறைக் கூரையில் 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம். வெயிலை வாங்கித் தண்ணீரை நீராவியாக்கிச் சோறு பொங்குவதற்கான ஏற்பாடு. நிலம் யாருக்கும் தனிச் சொந்தமில்லை. 50,000 பேருக்குத் திட்டமிட்ட ஊரில் அரை நூற்றாண்டு கழிந்தும் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் என்றார்கள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆறு பேர் கிடைத்தால் எனக்குப் போதும்.

ஊர் திரும்பி அம்மாவிடம் விவரித்தேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

"வீடு நம்மளது இல்ல. தண்ணிக்குப் பொதுக்கொழாய். பிள்ளைங்கள ஆயாக் கொட்டகையில விட்டுட்டு எல்லாரும் ஒண்ணா வேலைக்குப் போவணும். காய்கறி நம்மளே போட்டுக்கணும். இதானேய்யா நீ சொல்றது?"

"ஆமாம்மா."

"இதத்தான் நாங்க தோட்டம்னு சொன்னோம். அங்கேருந்து ஒங்கள வெளிய கொண்டாறதுக்குள்ள ஒங்கப்பாவுக்குப் பாதி உசுரு போயிருச்சு."

அம்மா சொன்னதில் பாதிதான் நியாயம். ரப்பர்த் தோட்டத்து லய வீடுகளில் கூடி வாழ்ந்தார்கள், சரி. ஆனால் கூட்டி வைத்தது துரையின் விருப்பம். விடிகாலைப் பெரட்டில் தண்டல் பேர் கூப்பிடும்போது, 'என் உள்மனம் இன்று ஓய்வு கேட்கிறது' என்று சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்!

விரும்பிச் சேர்ந்த கூட்டமும் நம்மிடம் இருந்தது. மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்க, பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது, லயமும் போனது. தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயரே உண்டு. 1960-இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய், நாள்கூலிக்காரர்களிடம், தோட்டத்தை நீங்களே வாங்குங்கள் என்றார். வாங்கினார்கள்! கெடாவில் புக்கிட் சிடிம் முதல் தோட்டம். அப்பாவின் பங்குப் பத்திரம் இன்னும் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

அதே வழியில் நானும் ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி என்று, என்னோடு சேர்த்து ஆறு பேரைத் திரட்டினேன். மாமாக் கடையில் மாதாந்தரக் கூட்டம். மூன்றாம் மாத முடிவில், பாக்கி போக, வசூல் 90 வெள்ளி. ரொட்டி சானாய், தே தாரிக் செலவு 104 வெள்ளி. சொர்க்கம் 14 வெள்ளி கடனில் தொடங்கியது.

நிலம் எங்கே என்பது அடுத்த தகராறு. பாரிட் என்றால் மலாய் மொழியில் வாய்க்கால். எங்கள் மாவட்டத்தில் பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் யானி என்று ஊர்ப் பெயரிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. மண்சுவர் என்று நான் வாயெடுத்தபோது ஒரு நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. 2023 மார்ச் வெள்ளம் வாரக்கணக்கில் வடியாமல் கிடந்தபோது நிவாரண மையத்தில் பாய் விரித்துப் படுத்தவர் அவர். "பொதுச் சமையல், பொதுக் கழிப்பறை ரெண்டும் பாத்தாச்சு. அங்க சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்தாங்க. கழுவறதுக்கு மூணு பேர்தான்" என்றார். நாங்கள் அவசரமாக அடுத்த பொருளுக்குப் போனோம்.

செலவைக் குறைக்க, நான்காம் கூட்டம் என் வீட்டில். இயற்கையோடு இயைந்த நீர் மேலாண்மை பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. ஆறு பேரும் எழுந்து போய்ப் பார்த்தோம். நன்றாகத்தான் பார்த்தோம். ஒருவர் படம்கூட எடுத்தார். வீட்டுக்கு வரும் தண்ணீரை எங்கே அடைப்பது என்று வீட்டுக்காரனான எனக்கே தெரியவில்லை. பத்து பாகாட் என்றால் உளியால் செதுக்கிய கல். அந்த ஊர்க்காரர்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் உளி பிடிக்கத் தெரியாது. பால்மரம் சீவ உளி பிடித்த கை ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அம்மா நடந்து வந்து, வாசலில் மீட்டர் பக்கம் திருகை மூடினார். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாயைச் சுற்றி இறுக்கினார். பிறகு எங்களைப் பார்த்து, "டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

அன்றைக்குத்தான் உறுப்பினர் பட்டியலை ஒழுங்காகப் படித்தேன். கவிஞர்கள் மூவர், என்னையும் சேர்த்து. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காப்புறுதி முகவர் ஒருவர், யோகா கற்றுத் தருபவர் ஒருவர்.

ஆகவே, பத்து பாகாட், யோங் பெங், ரெங்கிட் வட்டாரத்தில் குழாய் வேலை, கூரை வேலை, கக்கூஸ் அடைப்பு எடுக்கும் வேலை தெரிந்தவர்கள் இருந்தால் அன்புகூர்ந்து எங்களோடு சேருங்கள். சந்தா மாதம் பத்து வெள்ளி, உங்களுக்கு வேண்டாம். கவிஞர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். இடம் நிரம்பிவிட்டது.