ரசப்பொடியும் ரேட்டிங்கும்

2023 ஆகஸ்டில் பாகுவில் நடந்த உலகக் கோப்பைச் சதுரங்கத்தில் இறுதிச் சுற்றுவரை போய் கார்ல்சனிடம் தோற்றார் பிரக்ஞானந்தா. ஊர் பேசியதோ அவருடைய அம்மாவைப் பற்றி. வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அடுப்பும் பாத்திரமும் மசாலாப் பொடியுமாகப் போய், மகனுக்குச் சாதமும் ரசமும் வைத்துக் கொடுப்பவர் நாகலட்சுமி. இன்னொரு சதுரங்க வீரர் குகேஷின் அப்பா ரஜினிகாந்த் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்திவைத்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் மகன் உலகச் சாம்பியன் ஆனார்.

மற்றப் பெற்றோருக்கு இது போதாதா?

இன்று ஏழு வயதுக்குட்பட்டோர் போட்டி நடக்கும் கல்யாண மண்டப வாசலில் நின்று பார்த்தால், கல்யாணமே தேவலை என்று தோன்றும். அங்கே பந்தியாவது உண்டு. ஆட்டக் கூடத்துக்குள் பெற்றோருக்கும் இடமில்லை, செல்பேசிக்கும் இடமில்லை. எனவே பிள்ளை உள்ளே ஒரு காயை நகர்த்துவதற்குள் அப்பா வெளியே முழு ஆட்டத்தையும் ஆடி ஜெயித்துவிடுகிறார். அம்மாக்கள் அந்தப் பக்கம் பயிற்சியாளர் கட்டணத்தை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

கதவு திறக்கிறது. பையன் வாடிய முகத்தோடு வருகிறான்.

"எந்த மூவ்லடா கோட்டை விட்டே?"

அவனுக்கு வேண்டியது ஒரு பஜ்ஜி. கிடைப்பது சிசிலியன் தற்காப்பு பற்றிய விரிவுரை, அதுவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.

அப்பாமார்களே, அடுத்த போட்டிக்கு ஒரு தடித்த நாவலை எடுத்துப் போங்கள். சில ஆட்டங்கள் நாலு மணி நேரம்கூட இழுக்கும்.