இறக்கக்கண்டியில் வதிதல்: போய்ச் சேர்வதும் படுப்பதும் பற்றிய ஒரு பூர்வாங்க ஆய்வு

காலை ஒன்பதுக்குத் தொடங்கவேண்டிய விரிவுரைக்காக முதல் நாள் இரவே நாட்டின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டு, மறுநாள் பதினொன்றரைக்குக் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருக்கும் நிலைக்கு வதிவிடச் செயலமர்வு என்று பெயர். இந்த வரைவிலக்கணத்தை ஏற்க மறுப்பவர்கள் இதுவரை அப்படி ஒன்றை ஒழுங்குபடுத்தாதவர்கள்.

இத்துறையில் முன்னர் எழுதியவர்கள் எல்லோரும் பாடத்திட்டம், வளவாளர், மதிப்பீட்டுப் படிவம் என்று மேலெழுந்தவாரியான விடயங்களிலேயே நின்றுவிட்டார்கள். வந்தவர் எப்படி வந்தார், இரவு எங்கே படுத்தார் என்ற அடிப்படைக் கேள்விகள் அலுவலக லிகிதரிடம் விடப்பட்டன. அறிவுலகத்தின் இந்தப் பெரும் இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. இது முன்வைக்கும் கருத்து ஒன்றுதான்: வதிவிடச் செயலமர்வில் நடப்பது பயணமும் படுக்கையும். படிப்பு இவ்விரண்டுக்கும் இடையில் நேரம் கிடைத்தால் நிகழ்வது.

கள ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடம் இறக்கக்கண்டி. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே உப்புவெளி, கோணேசபுரி, நிலாவெளி என்று போனால் ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் வரும் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, களப்பின் மேல் நீளமான பாலம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இதே வீதியில் கோணேசபுரியில்தான் இருக்கிறது. ஆகவே கல்வியும் கடற்கரையும் ஒரே பஸ்ஸில் போகும் வீதி இது. செயலமர்வுக்கு இவ்வூர் தெரிவு செய்யப்படும் முறையும் குறிக்கத்தக்கது. ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் எப்போதோ அங்கே களப்பு இறால் சாப்பிட்டிருப்பார். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் அது ‘அமைதியான கற்றற் சூழல்’ என்று பதிவாகும்.

முதலில் காலம். ‘கோடைகால நிகழ்ச்சி’ என்ற எண்ணம் குளிர்நாட்டார் தந்தது. அவர்களுக்குக் கோடை வந்தால் பல்கலைக்கழகம் மூடும், அறைகள் காலியாகும், வெயில் இதமாக இருக்கும். திருகோணமலையில் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் குளம் போலக் கிடக்கும். அதனாலேயே நிலாவெளிக் கரை முழுக்க வெளிநாட்டார் வந்து குவிவார்கள், அறை வாடகை கச்சான் காற்றோடு சேர்ந்து ஏறும். வாடைக்காற்றும் மழையும் வந்து கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியில் அறை மலிவு. அப்போது கூரையும் ஒழுகும்.

சரி, ஹோட்டல் வேண்டாம், பள்ளிக்கூடத்திலேயே தங்கவைப்போம் என்பார் குழுவின் சிக்கனவாதி. இங்கேதான் விண்ணியல் உள்ளே வருகிறது. இந்தப் பக்கத்தில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு விடுமுறைக் கணக்கு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தை ஒட்டி இன்னொரு கணக்கு. அந்த மாதமோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். ஆகவே மண்டபம் ஒரு பாடசாலையில், வகுப்பறைகள் இன்னொன்றில் என்று திட்டமிடும் குழுவுக்குப் பொருளாளரைவிடப் பிறை பார்க்கத் தெரிந்தவர் அவசியம். இப்படிப்பட்ட ஒருவர் இருந்த குழுக்கள் வெற்றி பெற்றுள்ளன. அவர்கள் செயலமர்வை நடத்தவில்லை, ஆனால் திகதியைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது பாதை. கொழும்பிலிருந்து வருவோர் இரண்டு சிந்தனைப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். கோச்சிப் பள்ளியினர் கோட்டையில் இரவு ரயிலேறி, மாகோ, கல்லோயா வழியாக 1927இல் திறந்த பாதையில் ஆடி ஆடி வருவார்கள். கல்லோயாச் சந்தியில் தண்டவாளம் பிரிந்து ஒன்று மட்டக்களப்புக்கும் மற்றது திருகோணமலைக்கும் போகிறது. அந்த இடத்தில் தூங்கக் கூடாது என்று ஒவ்வொரு சுற்றறிக்கையும் எச்சரிக்கும். தாங்கள் ஏறியது எந்த ரயில் என்பதைத் தெரிந்துகொண்டவர்கள் தாராளமாகத் தூங்கலாம் என்பது இவ்வாய்வாளரின் அபிப்பிராயம். பஸ் பள்ளியினர் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வருவார்கள். யானை வீதிக்கு வந்தால் இரு பள்ளிகளும் ஒன்றுபோலத் தாமதிக்கும். யானை கட்சி பார்ப்பதில்லை.

இரு சாராரும் கடைசியில் திருகோணமலையில் இறங்கும் நேரம், எந்தத் தேநீர்க் கடையும் திறக்காத, எந்த ஓட்டோக்காரரும் நியாயமான விலை சொல்லாத விடியற்புறம். அந்த நேரத்தில் பட்டினத்தில் விழித்திருப்பவை மான்கள். பிரெட்றிக் கோட்டைப் பக்கமும் வீதிகளிலும் சுதந்திரமாகத் திரியும் இந்த மான்கள், பங்குபற்றுநரின் பயணப்பையை முகர்ந்து பார்த்து, உள்ளே இருப்பது மடிக்கணினி என்று தெரிந்ததும் விலகிப்போகும். செயலமர்வுக்கு வந்தவர்களை முதலில் வரவேற்பவை இவைதான். வரவேற்புக் குழு எட்டு மணிக்கு வரும்.

யாழ்ப்பாணத்தார் பிரச்சினை தனி. படத்தை விரித்தால் முல்லைத்தீவிலிருந்து கரையோரமாக நேரே கீழே இறங்கினால் கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி, அதற்கப்பால் இறக்கக்கண்டி. ஒரு நுனிவிரல் தூரம். படத்தில் நீலமாகச் சின்னதாகத் தெரியும் கொக்கிளாய் முகத்துவாரத்தில் பஸ் ஓடாது என்பதைப் படம் சொல்வதில்லை. ஆகவே அவர்கள் வவுனியாவுக்குப் போய், ஹொரவப்பொத்தானை சுற்றி, கன்னியா கடந்து, தெற்கே திருகோணமலைப் பட்டினம் வரை இறங்கி, பிறகு திரும்பவும் வடக்கே 20 கிலோமீற்றர் ஏறவேண்டும். வடக்கிலிருந்து புறப்பட்டவன் வடக்கு நோக்கியே வந்துசேர்வது அவர்களுக்குத் தத்துவரீதியாக உறுத்துகிறது. கணக்காய்வாளருக்கு உறுத்துவது வேறு: அவர் பிரயாணப்படியை அடிமட்டம் வைத்துப் படத்தில் அளக்கிறார்.

மட்டக்களப்பார் முன்னொரு காலத்தில் பாக்கியசாலிகள். திருகோணமலை வீதியில் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைகள், ஒவ்வொன்றிலும் பாதைப் படகு. எத்தனை மணிக்கு வந்தாலும் ‘பாதை பிந்திப்போச்சு’ என்ற ஒரே வாக்கியம் போதும், யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். 2009 ஒக்ரோபர் 20இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. வர்த்தகத்துக்கும் நோயாளருக்கும் அதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் பிந்தி வருவதற்குக் காரணம் சொல்லும் ஒரு வாய்மொழி மரபு அத்துடன் அழிந்தது. இப்போது அவர்கள் வெறுமனே பிந்தி வருகிறார்கள்.

இவற்றிலிருந்து பெறப்படுவது ‘கடைசி இருபது விதி’. ஏற்பாட்டுக் குழு தன் கூட்ட நேரம் முழுவதையும் நெடுந்தூரப் பயணத்துக்கே செலவழிக்கும். கடைசி 20 கிலோமீற்றர் ‘வான் ஒழுங்கு செய்யப்படும்’ என்ற ஒற்றை வரியில் முடியும். அந்த வான் நிரம்பினால்தான் புறப்படும். முந்தி வந்தவர், எவ்வளவுதான் முந்தி வந்தாலும், கடைசியாக வந்தவரின் நேரத்துக்கே இறக்கக்கண்டியில் இறங்குவார். பொறுமை இழந்து புல்மோட்டை பஸ்ஸில் தனியே போனவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்து, மண்டபத் திறப்பு வானில் வருபவரிடம் இருப்பதைக் கண்டுகொள்வார்கள்.

இனி படுக்கை. யாருக்கு எந்த அறை என்ற பிரச்சினை நம் காலத்தது என்று நினைப்பது வரலாறு அறியாமை. 671இல் சீனாவிலிருந்து புறப்பட்டு நாளந்தாவில் பத்தாண்டளவில் தங்கிப் படித்த துறவி இ-சிங் இதை எழுதி வைத்திருக்கிறார். பௌத்தத் துறவிகள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் தங்கியிருக்கும் பருவவாசம் தொடங்குமுன் அறை பங்கிடுவார்களாம். நல்ல அறை முதலில் மூத்த தேரர்களுக்கு, பிறகு படிப்படியாக இறங்கி இளையவர்களுக்கு. பருவவாசத்தைவிடப் பழைய வதிவிட நிகழ்ச்சி கிடையாது, அறை ஒதுக்கீட்டில் இன்றுவரை மாற்றமும் கிடையாது. ஏசி அறை ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு. கெஸ்ட் ஹவுஸ் ஏற்பாட்டாளரின் வகுப்புத்தோழர்களுக்கு. வகுப்பறை மற்றவர்களுக்கு. ஒரு வித்தியாசம்: அங்கே யாரும் அறையைத் தனக்கே உரியதென்று நினைக்கக்கூடாது என்பதற்காக ஆண்டுதோறும் மாற்றிக் கொடுத்தார்கள். இங்கே பேராசிரியர் போன வருடத்து அறையையே பெயர் சொல்லிக் கேட்கிறார்.

வதிவிட ஏற்பாட்டுக்கு உள்ளூர்ச் சான்றும் உண்டு. நிலாவெளிக்கு மேற்கே, பெரியகுளத்துப் பக்கம் உள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர்பெற்ற, தமிழர் ஆதரித்த பௌத்தப் பள்ளி. அங்கே கிடைத்த 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் விளக்கும் பசுவும் தானமாகக் கொடுத்ததைப் பதிந்திருக்கின்றன. பசு எதற்கு? நெய் எரிந்தால்தான் விளக்கு எரியும். வதிவிட நிறுவனம் ஒன்றின் மின்கட்டணத்துக்கு இவ்வளவு தீர்க்கதரிசனமான ஏற்பாட்டை இந்த மாவட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் செய்ததாகத் தெரியவில்லை. இன்றைய விண்ணப்பங்களில் ‘இதர செலவு’ என்று ஒரு வரி. இதரத்தில் பால் கறக்க முடியாது.

வகுப்பறைப் படுக்கையை இவ்வாய்வு சற்று விரிவாகவே நோக்கவேண்டும். இரண்டு மேசையைச் சேர்த்தால் ஒரு கட்டில். இரண்டுக்கும் உயரம் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. உயரமான மேசைப்பக்கம் தலையை வைப்பதா காலை வைப்பதா என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. நுளம்பு வலைக்கு நாலு மூலையிலும் ஆணி வேண்டும். பள்ளிச் சுவரில் ஆணி இருப்பது படங்களுக்கு மட்டுமே. ஆகவே வலையின் ஒரு காது வள்ளுவரில், ஒரு காது பாரதியாரில், மூன்றாவது நேரசூசியில். நாலாவது காதை இரவு முழுக்கக் கையில் பிடித்திருப்பவரே மறுநாள் விரிவுரையில் முதலில் தூங்குபவர். மின்விசிறி ஒன்றுதான், அதன் கீழ் இடம்பிடிப்பவர் முந்தி வந்தவரல்ல, சாறத்தை முதலில் விரித்தவர். தொலைபேசிக்கு மின்னேற்றும் துளை ஒன்றே என்பதால் அதைச் சுற்றியே இரவு உரையாடல்கள் நடக்கும். நாட்டின் எதிர்காலம், பதவியுயர்வுச் சுற்றறிக்கை, யார் யாருடைய ஆய்வைப் பார்த்து எழுதினார் என்று உண்மையான கருத்தரங்கு அங்கேதான். அதற்கு வளவாளர் தேவைப்படுவதில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். செயலமர்வு வெள்ளிக்கிழமையைத் தொடக்கூடாது. வெள்ளி வந்தால் பங்குபற்றுநரில் பாதிப்பேர் மரக்கறி, மீதிப்பேர் ஜும்மா முடிந்து வந்து பிரியாணி எதிர்பார்ப்பார்கள். சமையற்காரர் இரு தரப்பையும் திருப்திப்படுத்த முட்டை வாங்குவார். முட்டை எந்தத் தரப்பு என்பதில் பிற்பகல் அமர்வு முழுவதும் போய்விடும்.

திட்டம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து இரண்டு பெரிய முன்னுதாரணங்களைக் காட்டவேண்டும். 1800 இறுதியில் ஆர்தர் வெல்லஸ்லி, பிற்காலத்து வெலிங்டன் பிரபு, படைகளைத் திரட்டிக்கொண்டு திருகோணமலையில் வந்து தங்கினார். நோக்கம் மொரீசியசையோ பத்தாவியாவையோ பிடிப்பது. வந்து தங்கியபிறகு நிகழ்ச்சிநிரல் மாறியது, படை எகிப்துக்கு என்றார்கள். தலைமையும் மாறியது, டேவிட் பெயார்ட் வந்தார். தலைப்பும் வளவாளரும் ஒருசேர மாறியும், தங்கியவர் பெயரால் பிரெட்றிக் கோட்டையில் இன்றும் ஒரு வீடு இருக்கிறது. போர் எங்கே நடந்தது என்பதைவிட ஆள் எங்கே படுத்தார் என்பதைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

மற்றவர் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ். அவர் வந்த ‘ஆன்’ என்ற கப்பல் புயலில் பாய்மரம் ஒடிந்து, அதைச் சீர்செய்யத் திருகோணமலைக் குடாவிலுள்ள கொட்டியாரத்துக்கு வந்தது. சில வாரத் தங்கல் என்பதே திட்டம். 1660 ஏப்ரிலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் நொக்ஸையும் அவர் தந்தையையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வதிவிடக் காலம் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. பதிவுக் கட்டணம் இல்லை. கைதிகளை ஊர் ஊராகப் பிரித்து வைத்து, ஊரவரே அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்று அரசாணை. கைச்செலவுக்கு நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல் வட்டிக்குக் கொடுத்தார். திரும்பும் பிரயாணத்துக்கு மட்டும் ஏற்பாடு இல்லை. 1679இல் காடு வழியாக நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். தந்தை முதல் ஆண்டிலேயே காய்ச்சலில் இறந்துபோனதை எண்ணினால் இது பகிடிக்குரிய கதையல்ல. ஆயினும் ஆய்வாளன் ஒன்றைக் கவனிக்காமல் இருக்கமுடியாது. ஊர் திரும்பும் கப்பலிலேயே அறிக்கையை எழுதத் தொடங்கி, 1681இல் இலண்டனில் புத்தகமாக அச்சிட்டுவிட்டார். வயலும் வரியும் உணவும் வழக்கமுமாக, அக்காலக் கண்டி நாட்டை அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம். அவருக்குப் பிரயாணப்படி இல்லை, அறை ஒதுக்கீடு இல்லை, இறால் இல்லை. மூன்று நாள் இறக்கக்கண்டியில் தங்கியவர்கள் சமர்ப்பிக்கவேண்டிய மூன்று பக்க அறிக்கைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

திரும்பும் பயணத்தைப் பற்றி நொக்ஸுக்குப் பின் யாரும் தீவிரமாகச் சிந்திக்கவில்லை. இறுதி நாள் காலை புறாத்தீவுக்குப் படகு. நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறை பார்க்கலாம், ஆகவே அது ‘களப்பயணம்’. பிற்பகல் சான்றிதழ் வழங்கல். யாழ்ப்பாணத்தார் மதியமே புறப்படவேண்டும், கொழும்பார் இரவுக் கோச்சியைப் பிடிக்கவேண்டும், மட்டக்களப்பார் பாலம் இருந்தும் பயப்படுவார்கள். வான் நிரம்பிவிடும், முதற்தடவையாக நேரத்துக்குப் புறப்படும். பிரதம விருந்தினர் வந்து சேரும்போது மண்டபத்தில் இருப்பவர்கள் சமையற்காரரும் காவலாளியும். மூன்று நாளும் ஓர் அமர்வு விடாமல் வளாகத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான். மிஞ்சிய சான்றிதழ்களில் பெயர் எழுதும் இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். சமையற்காரரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவதற்கு மட்டும் ஒருவரைக் குழு முன்கூட்டியே நியமித்துக்கொள்வது நல்லது.