தொட்டுக்க என்ன?

மாமாவின் பையன் பிரஸ்ஸல்ஸில், பெண் மாண்ட்ரியாலில். இரண்டு இடத்திலும் ஆறாறு மாதம் இருந்துவிட்டு வந்தவரிடம் "ஊரெல்லாம் எப்படி மாமா?" என்று கேட்டால், குளிரைப் பற்றியோ கட்டடங்களைப் பற்றியோ மூச்சுவிட மாட்டார். "பெல்ஜியம்னா மயோனைஸ். கனடான்னா கிரேவி" என்பார். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸுக்கு எங்கே எதைத் தொட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய பூகோளம்.

"பேர்தான்டா ஃப்ரெஞ்ச். பெல்ஜியத்துக்காரன் எங்களுதுங்கறான். ரெண்டு தடவை பொரிக்கிறான்! முதல்ல 150 டிகிரியில வேகவிட்டு, ஆறவெச்சு, அப்புறம் 180க்குக் கொண்டுபோய் முறுகவிடறான். காகிதக் கூம்புல போட்டு, மேலே மயோனைஸ்."

அதை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதுதான் அங்கே பழைய வழக்கம். பரம சைவரான மாமா அந்த விசாரணையை மட்டும் ஊர் திரும்பும் நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டார்.

கியூபெக்கின் பூட்டீன் அவருக்குச் சம்மதமில்லை. 1950களில் அங்கே பிறந்த பண்டம்: ஃப்ரைஸ்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகள், அதன்மேல் சுடச்சுட கிரேவி. "குழம்பை ஊத்திட்டா அப்புறம் அது பிசைஞ்சு சாப்பிடற சமாசாரம். முள்கரண்டியைக் குடுத்தா எப்படி?" ஆனாலும் புதுக் கட்டி பல்லில் பட்டதும் 'கீச்' என்று கத்துவதை, எதிரில் இருப்பவர் கூசும்படி நடித்துக் காட்டுவார்.

ஆம்ஸ்டர்டாமில் மயோனைஸ், வேர்க்கடலை சாஸ், பச்சை வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, அதற்கு 'யுத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "கடலைச் சட்னிக்கு எதுக்குடா யுத்தம்?" என்பது மாமாவின் சமாதானக் கொள்கை.

வியட்நாமில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்றபோது மாமி முகத்தைச் சுளித்தாள். "அடைக்கு வெண்ணெயும் வெல்லமும் கேட்கறவதானே நீ?" மாமி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்பேர்ப்பட்டவரைப் போன வாரம் சென்னையில் ஒரு மாலுக்கு அழைத்துப் போனேன். கவுன்ட்டர் பையன் தட்டில் ஒரே ஒரு கெச்சப் பாக்கெட்டை வைத்தான்.

"தம்பி, இது யாருக்கு? எனக்கா, இவனுக்கா?"

இன்னொன்று வைத்தான்.

"காரமா ஒண்ணும் கிடையாதா?"

சில்லி சாஸ் வந்தது. கேட்கக் கேட்க, பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளிவைத்தான்.

ஃப்ரைஸ் தீர்ந்தபோது சாஸ் மிச்சம். "வீணாப் போயிடுமேடா" என்று இன்னொரு ஃப்ரைஸ் வாங்கச் சொன்னார். அது பாதியில் இருக்கும்போது சாஸ் தீர்ந்தது. மறுபடி கவுன்ட்டர். கல்யாணப் பந்தியில் சாம்பார் மிஞ்சினால் சோறும், சோறு மிஞ்சினால் சாம்பாரும் கேட்டுக் கேட்டே கடைசியாக இலையை மடிப்பவர் அவர்.

அன்றும் நாங்கள்தான் கடைசி. பையன் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கியிருந்தான். மாமா கையில் இன்னும் ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது.