மெய்ப்பு பார்த்த காலமும் டெஸ்ட் ஓடும் காலமும்

தொண்ணூறுகளின் கடைசியில் புதுச்சேரி மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையோர மாடியறை ஒன்றில் நான் புரோகிராம் எழுதத் தொடங்கினேன். கீழே ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், சங்க உறுப்பினர் பட்டியல் என்று அங்கே தட்டச்சான ஃபைல்கள் மேலே வரும். "தம்பி, என் சிஸ்டத்துல நல்லாத்தானே இருந்துச்சு, உங்களுதுல ஏன் கன்னாபின்னான்னு வருது?" என்று கடை அக்கா வந்து நிற்பார்.

காரணம் பாமினி. அந்த எழுத்துருவில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழும் இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். சென்னையில் 1999-இல் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து டாம், டாப் குறியேற்றத் தரங்கள் வந்தன. இணையத்தில் டிஸ்கி குறியேற்றம் புழங்கியது. ஒன்றில் அடித்தது இன்னொன்றில் தேறாது. தகவலைத் தோற்றத்தோடு சேர்த்துப் பூட்டிவைப்பது மென்பொருளில் மிக மோசமான வழக்கம். அன்று தமிழ்க் கணினி முழுக்க அதன்மேல்தான் நின்றது.

ஆனால் அக்காவிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மெய்ப்பு பார்க்காமல் எதையும் அச்சுக்கு விடமாட்டார். ஒரு தாள் எடுத்து, வாடிக்கையாளரை உட்காரவைத்து, பெயர் பெயராக வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். "படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே, அப்புறம்தான் மெஷினுக்கு."

இன்று அடித்தளம் உறுதியாகிவிட்டது. எல்லா மொழிக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடின் முதல் பதிப்பு 1991-இலேயே வந்துவிட்டது. தமிழக அரசு 2010-இல்தான் அதைத் தரமாக ஏற்றது. இதே பகுதிப் பிள்ளைகள் கிட் (Git) கருவியில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிகிறார்கள், ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்க்கிறார், டெஸ்ட் தானாக ஓடுகிறது. எங்களுக்குக் கிடைக்காத வசதிகள், மனமாரப் பாராட்டுகிறேன்.

அப்படியும் தமிழ்ப் பெயர் வெட்டுப்படுகிறது. 'திருநாவுக்கரசு' நமக்கு 8 எழுத்து. யூனிகோடு கணக்கில் 14 குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் 42 பைட்டுகள். பெயருக்குப் 10 இடம் என்று வரம்பு வைத்தால் 'திருநாவுக்' என்று நிற்கும். 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கவுக்குப் பின் ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவோ. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரே வடிவுக்குச் சீராக்காமல் தேடினால் கொளஞ்சி என்பவர் அகப்படாமல் போகலாம். குறியீட்டு எண்படி வரிசைப்படுத்தினால் 'ன' போய் 'ந'வுக்கு அடுத்து உட்காரும். டெஸ்ட் அத்தனையும் பாஸ், ஏனென்றால் அதில் உள்ள பெயர்கள் அத்தனையும் ஆங்கிலம்.

அன்று அடித்தளம் கோணல், ஆனால் கடைசியில் ஒருவர் படித்துப் பார்த்தார். இன்று அடித்தளம் நேர், படிக்கத்தான் ஆளில்லை. இரண்டையும் சேர்ப்பது பெரிய வேலையில்லை. டெஸ்ட் தரவில் திருநாவுக்கரசு, கொளஞ்சி, ஜானகி, ஸ்ரீதேவி இருக்கட்டும். உள்ளே வரும் எழுத்தை வாசலிலேயே ஒரே வடிவுக்குச் சீராக்குங்கள். அகரவரிசைக்கு மொழி அறிந்த வரிசை நூலகத்தைப் பயன்படுத்துங்கள். வெளியிடும் முன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். ஒரு மனிதரின் பெயரை முழுதாகத் தாங்காத மென்பொருள், வேறு எதைச் சரியாகச் செய்தாலும் முடிந்த வேலை ஆகாது.